158 சென்டிமீட்டரும் ஒரு தையல் இயந்திரமும்

கேள்வி இதுதான்: “‘ஸ்மைல் டவுன் தி ரன்வே’ என்ற அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை, இரண்டே நாளில் பார்த்து முடித்தேன். உயரம் போதாத ஒரு பெண் பாரிஸ் ஃபேஷன் மேடையில் மாடலாக நடக்க ஆசைப்படுகிறாள். கையில் காசில்லாத ஒரு பையன் டிசைனர் ஆக ஆசைப்படுகிறான். ஃபேஷன் துறையில் இதெல்லாம் உண்மையாகவே நடக்குமா, அல்லது வெறும் கதைதானா? இதேபோல வேறு எதைப் பார்க்கலாம்?”

சுருக்கமாகச் சொன்னால், பையனின் கதை நடந்திருக்கிறது. ஜப்பானிலேயே நடந்திருக்கிறது. பெண்ணின் கதை மிக மிக அரிது. ஏன் அரிது என்பதற்கான காரணத்தை அனிமே பாதிதான் சொல்கிறது. மீதிப் பாதி தையல் மேசையில் இருக்கிறது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயத்த ஆடை நிறுவனங்களின் சாம்பிள் அறைகளில் பேட்டர்ன், அதாவது துணியை எப்படி வெட்டுவது என்று காட்டும் தாள் வடிவம், வெட்டியவள். என் மகன் போட்டுக் காட்டித்தான் இந்த அனிமேயைப் பார்த்தேன். ஆகவே கதையை விட்டுவிட்டுத் துணியைப் பற்றி நான் அதிகம் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். இனோயா கொதோபா வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, இது. 2017 முதல் 2021 வரை கோதான்ஷா பதிப்பகத்தின் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடராக வந்து 22 தொகுதிகளாக முடிந்தது. எஸோலா என்ற ஸ்டுடியோ 2020 ஜனவரி முதல் மார்ச் வரை 12 பகுதிகளாக அனிமே ஆக்கியது. மங்காவின் தொடக்கப் பகுதியோடு அது நின்றுவிடுகிறது. எந்த இதழில் வந்தது என்பது முக்கியம். 1989-இலிருந்து குத்துச்சண்டைக் கதை ஒன்றை ஓயாமல் வெளியிட்டுவரும் இதழ் அது. அங்கே ஃபேஷன் கதை எழுதினாலும் அது குத்துச்சண்டையின் கட்டமைப்பிலேதான் வரும்: சவால், அடி, விழுதல், எழுதல், அடுத்த எதிராளி. சிறுமிகளுக்கான இதழில் வந்திருந்தால் காதலில் தொடங்கியிருக்கும். இது பந்தயத்தில் தொடங்குகிறது.

ஃபுஜிதோ சியுகியின் தந்தை ஒரு மாடலிங் நிறுவனத்தை நடத்துகிறார். சிறுவயதில் எல்லோரும் அவளை வருங்கால நட்சத்திரம் என்கிறார்கள். பிறகு வளர்ச்சி 158 செ.மீ.யில் நின்றுவிடுகிறது. அதன்பின் அப்பாவின் நிறுவனமே அவளைத் தேர்வில் திரும்பத் திரும்பத் தள்ளுகிறது. த்சுமுரா இக்குதோ அவளுடைய வகுப்பில் படிப்பவன். அம்மா நோயாளி, அப்பா இல்லை, மூன்று தங்கைகள். தங்கைகளுக்கு உடை தைத்துத் தைத்துக் கை பழகியவன். பள்ளி முடித்ததும் வேலைக்குப் போக வேண்டும், மேற்படிப்புக்கு வழியில்லை.

முதல் பகுதியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. டிசைனர் ஆக வேண்டும் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். உன்னால் முடியாதே என்கிற மாதிரி அவள் பட்டென்று சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது: ஊரெல்லாம் தன்னிடம் சொல்லித் தன் காதைப் புண்ணாக்கிய அதே வார்த்தையை அவனிடம் தானே சொல்லிவிட்டோம். மற்ற கதாநாயகர்கள் பிறருடைய அவநம்பிக்கையை எதிர்த்து மட்டும் போராடுவார்கள். இவள் வாயிலும் அந்த அவநம்பிக்கை குடியிருக்கிறது. எழுத்தாளர் கெட்டிக்காரர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இப்போது உயரத்துக்கு வருகிறேன்.

மேடை மாடல் என்றால் பெண்களுக்கு 175 செ.மீ. சுற்றி எதிர்பார்க்கிறார்கள். உயரமானவர்கள்தான் அழகு என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அதைத் தாங்கிப் பிடிப்பது தொழில் கணக்கு. ஒரு டிசைனர் மேடைக்கு நாற்பது உடை கொண்டுவருகிறார் என்றால் நாற்பதுக்கும் ஒவ்வொரு சாம்பிள்தான் இருக்கும். அதை வெட்டும்போது யார் அணியப்போகிறார் என்பதே தெரியாது. பெரும்பாலும் காட்சிக்குச் சில நாள் முன்புதான் மாடல் முடிவாவார். அதே சாம்பிள்தான் பிறகு பத்திரிகைப் படப்பிடிப்புக்குப் போகும், கொள்முதல் செய்பவர்களின் பார்வைக்கும் போகும். ஆகவே எல்லோரும் ஒரே அளவுக்கு வெட்டுகிறார்கள், அந்த அளவுக்குப் பொருந்தும் பெண்களை அழைக்கிறார்கள். நம் தையற்கடையில் ஆளை அளந்து துணியை வெட்டுவோம். அங்கே துணியை வெட்டிவிட்டு ஆளை அளக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஜப்பானில் வயது வந்த பெண்களின் சராசரி உயரமும் ஏறக்குறைய 158 செ.மீ.தான். கடையில் அந்த உடையை வாங்கப்போகிறவளின் உயரம். வாங்குபவள் மேடையில் நிற்க முடியாது என்பதுதான் சியுகியின் சிக்கல். அனிமே இதை உரக்கச் சொல்வதில்லை என்றாலும், அவள் நடக்கும்போது பார்வையாளர் வரிசையில் யார் மனம் இளகுகிறது என்று கவனித்தால் உங்களுக்கே புரியும்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. புகழ்பெற்ற மாடல் கேட் மாஸ் ஏறத்தாழ 170 செ.மீ. தந்தை வழியில் ஜப்பானிய வேர் கொண்ட டெவன் அயோகி 165 செ.மீ. உயரத்தில் ஷனெல் மேடையில் நடந்தவர். இந்தத் துறையில் குட்டையானவர் என்று பேர் எடுத்தவர்களே இந்த அளவு. சியுகி அதற்கும் 7 செ.மீ. கீழே நிற்கிறாள். ஆசிரியர் அந்த எண்ணைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ‘கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று யாரும் சொல்லிவிட முடியாத எண் அது.

அடுத்து வருவதுதான் என் மேசை விஷயம். டோக்கியோவில் ஓர் இளம் டிசைனரின் காட்சி. ஒரு மாடல் வர முடியாமல் போகிறது. அந்த இடத்துக்குச் சியுகி வருகிறாள். உடையோ நெட்டையான பெண்ணுக்குத் தைத்தது. முறையாகப் படிக்காத இக்குதோ, இருக்கிற கொஞ்ச நேரத்தில் அதை அவளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். என் மகன் கேட்டான்: “கீழே வெட்டி மடித்துத் தைத்தால் போதாதா அம்மா?”

போதாது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தத் தொழிலே பதில். 176 செ.மீ. பெண்ணுக்கும் 158 செ.மீ. பெண்ணுக்கும் 18 செ.மீ. வித்தியாசம். அந்தப் பதினெட்டும் காலடியில் இல்லை. உத்தேசமாகப் பிரித்தால், முழங்காலுக்குக் கீழே 5 செ.மீ., இடைக்கும் முழங்காலுக்கும் நடுவில் 6, தோளுக்கும் இடைக்கும் நடுவில் மூன்றரை, மீதி தலையிலும் கழுத்திலும். கீழே மட்டும் பதினெட்டை வெட்டினால் என்ன ஆகும்? உடையின் இடை அவளுடைய இடைக்குக் கீழே இறங்கிவிடும். முழங்காலருகே ஒடுங்கி வர வேண்டிய வளைவு ஆடுசதைக்குப் போய்விடும். மார்பை நோக்கிப் பிடிக்கும் மடிப்பு, தையற்கடையில் ‘டாட்’ என்பார்களே, அதன் முனை வயிற்றுப் பக்கம் நிற்கும். கைக்குழி தொங்கும். உயரமான அக்காவின் உடையைத் தங்கை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அவள் இருப்பதைவிடவும் குட்டையாகத் தெரிவாள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஓர் இடத்தில், மீன்வால் போல முழங்காலுக்குக் கீழே விரியும் நீண்ட கவுன் ஒன்றின் சாம்பிள் நீளம் அதிகமாகிவிட்டது. புதிதாக வந்த பையன் நல்லெண்ணத்தோடு அடியில் ஒரு சாண் வெட்டிவிட்டான். வால் போய்விட்டது, மீன் மட்டும் மிஞ்சியது. கட்டிங் மாஸ்டர் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சரியாகச் செய்வதென்றால் உடையைப் பல இடங்களில் பிரிக்க வேண்டும். இடையில் கொஞ்சம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் கொஞ்சம் என்று எடுத்துவிட்டு, வளைவுகளை மறுபடி பொருத்தி வரைந்து தைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. இக்குதோவுக்கு அந்த நேரம் கிடையாது. அப்படியானால் இன்னொரு வழி: இருக்கும் உடையைச் சுருக்காமல், குட்டையான உடம்பில் அது வேறோர் உடையாக நிற்கும்படி வடிவத்தையே மாற்றிவிடுவது. அவன் மனம் போகிற திசை இதுதான். ஒரு பேட்டர்ன்காரியாகச் சொல்கிறேன், திசை சரி. எடுத்துக்கொள்கிற நேரம்தான் கற்பனை. அந்த வேகத்தில் தைத்தால் என் கைவிரலில் ஊசி ஏறியிருக்கும்.

முதல் பகுதியில் தேர்வுக்காக அவன் அவளுக்குத் தைக்கும் உடையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். குட்டையானவரை நெடிதாகக் காட்டும் வித்தை ஒன்றும் மாயமில்லை. இடைக்கோட்டை இரண்டு விரல் மேலே ஏற்றினால் கால் நீளும். கால்சட்டை குதிகாலை மூடித் தரையைத் தொட்டால், கால் எங்கே முடிகிறது என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மேலும் கீழும் ஒரே நிறமாக இருந்தால் பார்வை நடுவில் வெட்டுப்படாது. எல்லோரும் மறக்கிற ஒன்று, உடைமீது இருக்கும் பொருள்களின் அளவு. காலர், பாக்கெட், பட்டன் எல்லாம் உயரமானவருக்கான அளவிலேயே இருந்தால், அவற்றை வைத்துக் கண் ஆளை அளந்துவிடும். சின்னப் பட்டன் வைத்துப் பாருங்கள், ஆள் கொஞ்சம் வளர்ந்திருப்பார்.

மேடையில் அவள் தடுமாறி விழுந்து எழுகிறாளே, அது மிகை நாடகம் என்று சிலர் சொல்லக் கேட்டேன். நிஜத்தில் நடந்தது அதைவிடப் பெரிய நாடகம். 1993-இல் பாரிசில் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டின் காட்சியில், 20 செ.மீ.க்கும் உயரமான குதிகால் வைத்த காலணியோடு நடந்துவந்த மாடல் நவோமி கேம்ப்பெல் மேடை நடுவே உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். விழுந்த இடத்திலேயே சிரித்தார். அந்தச் சிரிப்புப் படம் உலகம் சுற்றியது. அந்தக் காலணி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒழுங்காக நடந்து போயிருந்தால் அந்தக் காட்சியை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்?

சிரிப்பு என்றதும் தலைப்பு நினைவுக்கு வருகிறது. ஜப்பானிய மூலத் தலைப்பு ‘ரன்வே டெ வரத்தெ’. ‘வரத்தெ’ என்பது நம் வினையெச்சம் போன்ற வடிவம்; ‘சிரித்து’ என்றும் கொள்ளலாம், ‘சிரியேன்’ என்று கேட்டுக்கொள்வதாகவும் கொள்ளலாம். மேடையில் மாடல் சிரிக்கக் கூடாது, முகம் உடையிலிருந்து கண்ணைத் திருடிவிடும் என்பது இன்றைய எழுதாத விதி. அந்த விதி எப்போதும் இருந்ததில்லை. 1970-களில் பாரிசில் டிசைனர் தகாதா கென்ஸோ நடத்திய காட்சிகளில் மாடல்கள் ஆடினார்கள், சிரித்தார்கள், துள்ளினார்கள். ஒருமுறை சர்க்கஸ் கூடாரத்தில் காட்சி நடத்தி, கடைசியில் தானே யானைமேல் ஏறி வந்தார் அவர். ஜப்பானியர் ஒருவர் பாரிஸ் மேடையில் சிரிப்பைக் கொண்டுவந்து வைத்தது, இந்தக் கதைக்கு நாற்பது வருடம் முன்பே நடந்துவிட்டது.

கென்ஸோவைத் தொட்டதால் இக்குதோவின் பக்கம் போகலாம். பணமில்லாத பையன் டிசைனர் ஆக முடியுமா? டோக்கியோவின் புன்கா ஃபேஷன் கல்லூரி 1919-இல் சிறு தையல் பள்ளியாகத் தொடங்கியது. வெகுகாலம் பெண்கள் மட்டும் படித்த இடம். ஆண்களைச் சேர்க்கத் தொடங்கியபோது நுழைந்த முதல் சில பையன்களில் கென்ஸோ ஒருவர். 1964 ஒலிம்பிக்ஸுக்காக அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்க முடிவாகி, குடியிருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கப்பலேறி 1965-இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். 1970-இல் தன் கடையைத் திறந்தார். வீடு இடிபடாமல் இருந்திருந்தால்? இதைக் கதையில் எழுதினால் ‘ரொம்ப வசதியாக இருக்கிறதே’ என்று நாமே சொல்லுவோம்.

இக்குதோவுக்கு இன்னும் நெருக்கமானவர் டிசைனர் யமமோதோ யோஜி. அப்பாவைப் போரில் இழந்தவர். அம்மா டோக்கியோவில் தையற்கடை நடத்தி வளர்த்தார். அம்மாவின் ஆசைக்குச் சட்டம் படித்து முடித்துவிட்டு, வக்கீல் ஆக மனமில்லாமல் அதே கடையில் உதவிக்கு உட்கார்ந்தார். தையல் கற்க அம்மாதான் புன்கா கல்லூரிக்கு அனுப்பினார். வாடிக்கையாளர்களின் உடம்பை அளந்து அளந்து கற்றதுதான் அவர் வெட்டின் அடித்தளம். தங்கைகளுக்குத் தைத்துக் கற்ற பையன் என்றதும் எனக்கு இவர்தான் கண்முன் வந்தார்.

கதையில் அந்த டோக்கியோ காட்சியின் டிசைனர் யனகிதா, முறையாகப் படிக்காதவன் என்று இக்குதோவை முகத்தில் அடித்தாற்போல் விரட்டுகிறார் அல்லவா? அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். யமமோதோவோடு 1981-இல் பாரிசில் முதல் காட்சி வைத்த கவாகுபோ ரேய் ஃபேஷன் பள்ளியில் படித்தவரே இல்லை. கலை, இலக்கியம் படித்து, ஒரு துணி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்து, 1969-இல் ‘கோம் தே கார்சோன்’ பெயரில் உடை செய்யத் தொடங்கியவர். அவருடைய ஓட்டை விழுந்த கறுப்பு ஸ்வெட்டர் பாரிசை முகம் சுளிக்க வைத்தது. பின்னல் இயந்திரத்தின் திருகாணிகளை அங்கங்கே தளர்த்தி வேண்டுமென்றே உண்டாக்கிய ஓட்டைகள் அவை. படித்தவள் திருகாணியை இறுக்கியிருப்பாள்.

ஆனால் இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவாகுபோவுக்குப் பேட்டர்ன் வெட்டத் தெரியாது. அவர் மனத்தில் இருப்பதைத் துணியில் கொண்டுவர ஆள்கள் இருந்தார்கள். ஜப்பானில் பேட்டர்ன் வெட்டுபவரை ‘பதன்னா’ என்பார்கள். டிசைனருக்கு அடுத்தபடி மரியாதை உள்ள தனித் தொழில். ஓவியத்தைப் பார்த்து இதைத் தாளில் எப்படி விரிப்பது, துணியின் எந்த வாட்டத்தில் வெட்டுவது என்று முடிவு செய்பவர் அவர். இக்குதோவை டிசைனர் என்று அனிமே அழைக்கிறது. அவன் கைகள் செய்வதெல்லாம் பதன்னா வேலை. ‘நான் டிசைனர்’ என்கிற ஆசையும் ‘நான் தைப்பவன்’ என்கிற திறமையும் ஓர் ஆளுக்குள் இழுத்துக்கொள்ளும் இழுபறியைக் கதை இன்னும் தோண்டியிருக்கலாம். எங்கள் ஆள்கள் பேர் ஒருபோதும் லேபிளில் வருவதில்லை, அந்த ஆதங்கத்தில் சொல்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றி. அம்மாவின் மருத்துவச் செலவு, தங்கையின் படிப்பு, தன் கனவு, இந்த மூன்றில் எதை விடுவது என்று அவன் கணக்குப் போடும் பகுதிகள்தான் இந்த அனிமேயில் மிகக் கனமானவை. தையல் இயந்திரம் பழையதாக இருக்கலாம். துணியும் மலிவாகக் கிடைக்கும். டோக்கியோவில் நிப்போரி என்ற துணிக்கடைத் தெருவில் மீட்டர் 100 யென்னுக்கே துணி கிடைக்கும் மூலை உண்டு. ஆனால் ஃபேஷன் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குப் பத்து லட்சம் யென்னைத் தாண்டும். அதைவிடப் பெரிய செலவு நேரம். சம்பளமில்லாமல், அல்லது பேருக்குச் சம்பளம் வாங்கி, ஒரு டிசைனரின் கீழே இரவு பகல் பாராமல் உழைக்கும் வருடங்கள். அந்த வருடங்களை வாங்க வசதி உள்ளவனுக்குத்தான் முடிகிறது. எதிராளியாக வரும் அயானோ தோ ஃபேஷன் குடும்பத்துப் பிள்ளை என்று வைத்ததற்குக் காரணம் அதுவே. அவனுக்கும் திறமை உண்டு, சோம்பேறி இல்லை. ஓட்டப்பந்தயத்தில் அவன் தொடங்கும் கோடுதான் முன்னால் இருக்கிறது.

ஹசெகாவா கொகோரோவைப் பற்றி ஒரு வார்த்தை. மேடைக்கென்றே பிறந்த உயரம் அவளுக்கு. அவளுக்கோ டிசைனர் ஆக வேண்டும், மாடல் வேலை பிடிக்கவில்லை. சியுகி ஏங்கும் உடம்பு அவளுக்குச் சுமை. இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்த காட்சிகள், அந்தப் போட்டிகள் எல்லாவற்றையும்விட எனக்கு உசத்தி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேடை நடையை இந்த அனிமே பெரும்பாலும் அசையாப் படங்களாகவே காட்டிவிட்டு நகர்கிறது. துணி பற்றிய கதையில் துணி அசையாவிட்டால் என்ன செய்வது? பட்டு விழுகிற விதம் வேறு, டெனிம் நிற்கிற விதம் வேறு. இங்கே எல்லாத் துணிக்கும் காகிதத்தின் கனம்தான். மங்காவின் கறுப்பு வெள்ளைக் கோட்டில் இருந்த துணிவு இதில் கிடைக்கவில்லை. இன்னொன்று, நெருக்கடி வரும்போதெல்லாம் யாராவது உறுதியான கண்களோடு உறுதியாகப் பேசினால் வழி திறந்துவிடுகிறது. சிறுவர் இதழின் பழக்கம் அது. சாம்பிள் அறையில் உறுதியான கண்களால் ஒரு ஜிப் கூடச் சரியாகப் பொருந்தியதில்லை.

ஒரு சோகமான தற்செயலும் உண்டு. டோக்கியோ ஃபேஷன் வாரத்தில் உயிரைக் கொடுத்து உழைப்பவர்களின் கதை தொலைக்காட்சியில் ஓடி முடியும் அதே 2020 மார்ச்சில், நிஜமான டோக்கியோ ஃபேஷன் வாரம் கொரோனாவால் ரத்தானது. அந்த வருடம் எத்தனை இக்குதோக்கள் தைத்து முடித்த உடைகளைப் பெட்டியில் மடித்து வைத்தார்களோ.

மடித்து வைத்த உடைகள் என்றதும், அடுத்து எதைப் பார்ப்பது என்ற உங்கள் கேள்விக்கும் விடை வந்துவிட்டது. ‘பாரடைஸ் கிஸ்’ பாருங்கள். யாஸாவா அய் எழுதியது. ஒசாகாவில் ஃபேஷன் பள்ளியில் படித்துப் பார்த்தவர் அவர். 1999 முதல் 2003 வரை வந்த இந்த மங்கா, காமிக்ஸ் இதழில் வராமல் ‘ஸிப்பர்’ என்ற இளைஞர் ஃபேஷன் இதழில் வந்தது. தெருவில் பிள்ளைகள் உடுத்தும் உடைகளின் படங்களுக்கு நடுவே இந்தக் கதை உட்கார்ந்திருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் தோரணை புரியும். 2005-இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ 12 பகுதிகளாக எடுத்தது, இயக்கம் கோபயாஷி ஒசாமு.

நுழைவுத் தேர்வுக்காக மூச்சுமுட்டப் படிக்கும் யுகாரியை, ஒரு கலைப் பள்ளியின் ஃபேஷன் மாணவர்கள் தங்கள் காட்சிக்கு மாடலாகக் கேட்டு மறிக்கிறார்கள். தலைவன் ஜார்ஜ்: திறமைசாலி, வசீகரன், கூடவே வாழ முடியாத ஆள். சியுகிக்குத் தன் கனவு நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரிவதுபோல் தெளிவாகத் தெரியும். யுகாரிக்கு அப்படி ஒன்றே இல்லை. பிறருடைய கனவின் வெப்பத்தில் நின்று தனக்கு என்ன வேண்டும் என்று தேடுகிறாள். பெரும்பாலான பிள்ளைகள் அவளைப் போலத்தான். ஆகவே பதினேழு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் இதைக் காட்டச் சொல்வேன்.

அந்தக் குழுவில் இசபெல்லா என்று ஒருத்தி. ஆணாகப் பிறந்தவள், சிறு வயதிலேயே பெண்ணுடை உடுத்த ஏங்கியவள். அவளுக்காகச் சிறுவன் ஜார்ஜ் வடிவமைத்துக் கொடுத்த ஓர் உடை இருக்கிறது. ஃபேஷன் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன், வேறு எந்த விளக்கமும் சொல்ல வராது.

ஜார்ஜ் ஆசைப்படுவது ‘ஓத் கூத்யூர்’ வகை உடைகளுக்கு. ஒருவருக்கென்று அளவெடுத்து, பெரும்பாலும் கையாலேயே தைப்பது. பிரான்ஸில் அந்தப் பெயரே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பாரிசில் பட்டறையும் குறைந்தது 15 முழுநேரப் பணியாளரும் வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர்களின் அவையில் 1977-இல் இடம்பெற்ற முதல் ஆசியர் மோரி ஹனாயே என்ற ஜப்பானியப் பெண்மணி. ஒரு பள்ளி மாணவன் அந்த வகை உடைக்கு ஆசைப்பட்டால் அவற்றை யார் வாங்குவது, யார் எங்கே உடுத்திக்கொண்டு போவது? ‘பாரடைஸ் கிஸ்’ இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. கடைசியில் அவன் பாரிசுக்குப் போகும்போது தான் தைத்த உடைகளை எல்லாம் ஒரு கிடங்கில் வைத்துப் பூட்டி, சாவியை யுகாரிக்கு விட்டுச் செல்கிறான். அவள் கதவைத் திறந்து அந்த உடைகளின் நடுவே நிற்கிறாள். அத்தனை உழைப்பும் விற்காமல் ஓர் அறையில் தொங்குகிறது. எங்கள் பழைய நிறுவனத்தில் நிராகரிக்கப்பட்ட சாம்பிள்கள் தொங்கும் அறை ஒன்று இருந்தது. நாப்தலீன் உருண்டை வாசம் அடிக்கும். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்த வாசம் வந்தது.

மற்றவை சுருக்கமாக. ‘பிரின்சஸ் ஜெல்லிஃபிஷ்’ 2010-இல் வந்தது, 11 பகுதிகள். ஜெல்லிமீன் பைத்தியமான கூச்ச சுபாவப் பெண், பெண்ணுடை உடுத்தும் அரசியல்வாதி மகன், இடிபடப் போகும் பழைய வீடு. வீட்டைக் காப்பாற்ற ஜெல்லிமீன் வடிவ உடைகளைத் தைத்து விற்கக் கிளம்புகிறார்கள். சிரிப்பு நிறைய. சிக்கல் என்னவென்றால், ஒரு உடையைச் செய்வதற்கும் நூறு உடையைச் செய்து விற்பதற்கும் உள்ள பள்ளத்தாக்கைப் பற்றிய நல்ல பகுதிகள் எல்லாம் மங்காவில் இருக்கின்றன. அனிமே அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

தையல் வேலையை உள்ளபடி பார்க்க ஆசை என்றால் 2022-இல் வந்த ‘மை டிரஸ்-அப் டார்லிங்’. ஃபேஷன் துறைக் கதை இல்லை. சைத்தமா மாநிலத்தின் இவத்சுகி ஊரில் தாத்தாவிடம் ஹினா பொம்மை, அதாவது பெண் குழந்தைகளுக்கான பண்டிகையில் அடுக்கி வைக்கும் பாரம்பரியப் பொம்மை, செய்யக் கற்கும் பையன், வகுப்புத் தோழிக்குக் கதாபாத்திர வேட உடைகள் தைக்கிறான். அளவெடுப்பது, துணி தேர்வது, தவறாகத் தைத்துப் பிரிப்பது என்று பொறுமையாகக் காட்டுகிறார்கள். துணிக்கு அதில் கனம் உண்டு. அளவெடுக்கும் காட்சி உட்படச் சில இடங்கள் கவர்ச்சிக்காகவே நீட்டப்பட்டவை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.